ஆள் வருமுன் கொடுத்த சேவல்

என் கணவர் குவைத்திலிருந்து இரண்டு முறை வந்து சேர்ந்தார். முதல் முறை வந்து சேர்ந்தபோது அவர் வரவில்லை. எங்கள் வீட்டுச் சேவல் ஒன்று போயிற்று, அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். மழை பெய்தால் கொத்தமல்லி, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் வேலிக்கருவேல். எண்பத்து நாலில் நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என் கணவர் அருப்புக்கோட்டையில் லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமனார் எனக்கு முன்பே காலமாகியிருந்தார். மாமியார் இருந்தார். அவர் எந்தக் காரியத்துக்கும் ஒரே ஒரு பதில் வைத்திருந்தார். "கர்த்தர் பாத்துக்குவாரு."

ஓடு உடைந்து ஒழுகினால் கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றுவது நான். ஆடு காணாமல் போனால் கர்த்தர் பார்த்துக்கொள்வார். வெயிலில் மூன்று ஊர் நடந்து தேடுவது நான். ஆட்டை இழுத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் நுழைந்தால், "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்பார். கர்த்தர் பார்த்துக்கொண்டதில் பாதியை அந்த வீட்டில் நான்தான் செய்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், "ஒன்னையும் அவருதான அனுப்புனாரு" என்பார்.

எண்பத்தெட்டில் என் கணவர் ஒரு கம்பெனியில் டிரைவராகக் குவைத்துக்குப் போனார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர் நரிக்குடிப் பக்கத்து முஸ்லிம். அவரும் டிரைவர். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அங்கே போன பிறகு ஒரே சட்டியில் சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள். இருவரும் யாருடைய காரிலோ சாய்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்து ஆளுக்கொரு பிரதி ஊருக்கு அனுப்பினார்கள். நான் அருப்புக்கோட்டையில் வாங்கி வந்த கண்ணாடிச் சட்டம் சிறியதாகப் போய்விட்டது. இருவரில் ஒருவரை மடிக்க வேண்டியிருந்தது. யாரை மடிப்பது என்பதில் எங்கள் வீட்டில் விவாதம் எதுவும் நடக்கவில்லை.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் குவைத்துச் சண்டை வந்தது. ரேடியோவில் சொன்னார்கள். அதோடு கடிதம் நின்றது. தபால்காரர் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் ஒரு பொம்பளையின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று தலையாட்ட யாருக்குத்தான் பிடிக்கும்?

மாமியார் தன் பதிலை இரண்டு மடங்காகச் சொல்லத் தொடங்கினார். சாப்பிடாமலும் இல்லை, தூங்காமலும் இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும் ஜெபம் செய்தேன். என் ஜெபம் வேறு வகை. மனுக் கொடுத்தவள் ஆபீசுக்கு நினைவூட்டல் போடுவதுபோல, நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வேன். சில நாள் அதட்டியும் சொல்வேன். நாலு வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதட்டுவதால் அவள் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து அழுவாள்.

எங்கள் ஊர்ச் சர்ச் சின்னது. உபதேசியார்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார். மாதத்துக்கு ஒரு தடவை டவுனிலிருந்து குருவானவர், எங்கள் பேச்சில் ஐயர், வருவார். வீட்டில் நல்ல காரியம் ஏதாவது நடந்தால் ஒரு சீட்டில் எழுதி, காணிக்கையோடு உபதேசியாரிடம் கொடுப்போம். அவர் அதைச் சபைக்கு வாசிப்பார். பாம்பு தீண்டியும் பிழைத்த மாட்டுக்காக ஒரு பூசணிக்காய். பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியதற்காக ஒரு படி கம்பு. இப்படி இருக்கும். முதலில் காரியம் நடக்க வேண்டும், பிறகுதான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. அப்படி ஒரு சட்டம் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

புரட்டாசி பிறந்த சமயம். அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சிவப்புச் சேவலைக் காணோம். மாமியார் எனக்கு முன்பே சர்ச்சுக்குப் போயிருந்தார். நான் போனபோது சேவல் அங்கே பலிபீடத்துக்குப் பக்கத்தில் காலைக் கட்டிக் கிடந்தது. எதற்காக என்று யோசிக்கும் முன்பே உபதேசியார் சீட்டை எடுத்து வாசித்துவிட்டார்.

"குவைத்திலிருந்து மகன் சுகமாய் வந்து சேர்ந்ததற்காக ஒரு சேவல்."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

அவர் வாசலில் நிற்கிறார் என்றே நினைத்தேன். எனக்குத் தெரியாமல் வந்துவிட்டார், அம்மாவிடம் முதலில் சொல்லியிருக்கிறார், என்னைத் திகைக்க வைக்க வெளியே நிற்கிறார் என்று அந்த ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் கோர்த்துவிட்டேன். எழுந்திருக்கவே செய்தேன். வாசலில் யாருடைய செருப்பையோ ஒரு நாய் முகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் என் மாமியாரை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

சபை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. சந்தோஷச் சிரிப்புதான். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எப்ப வந்தாக, எளைச்சுட்டாகளா, ஏன் சர்ச்சுக்கு வரல என்று கேட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியாரிடம் போனேன்.

"ஏன் அத்தை, அவுக எங்க வந்தாக?"

"வந்துட்டான்," என்றார். "இன்னும் வீட்டுக்கு வரல. அம்புட்டுத்தான்."

சூழ்ந்து நின்றவர்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, காரியம் நடந்த பெறகுல்ல ஸ்தோத்திரம் சொல்லணும்."

"நீங்க காட்டுல மழை பெஞ்ச பெறகா வெதைக்கிறீக?" என்று கேட்டார் மாமியார். "புழுதியிலதான வெதைக்கிறீக? பெய்யும்னுதான வெதைக்கிறீக? நான் வெதைச்சிருக்கேன். போங்க."

உபதேசியாருக்கு இரண்டு குறுக்கம் மானாவாரி நிலம் உண்டு. முந்தின வியாழக்கிழமைதான் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோது புழுதியில் சோளம் விதைத்திருந்தார். அவர் சேவலைத் தூக்கி ஏலத்தை ஆரம்பித்தார். சேவல் ஏலத்தில் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனது. மத்தியானத்துக்குள் குழம்பாகியும் விட்டது. ஆகவே திருப்பிக் கேட்கும் வழியும் அடைபட்டது.

சீட்டை எழுதியது யார் என்று விசாரித்தேன். வழக்கமாக அந்த வீட்டுச் சீட்டுகளை எழுதுவது நான்தான். இதை எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்று தெரிந்து, மாமியார் தபால்காரரைப் பிடித்திருக்கிறார். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடியே, சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. அவருக்கு இது வெறும் நல்ல செய்தி. அத்தனை நாள் எங்கள் வீட்டு முன்னால் வேகமாகப் போக நேர்ந்தவர், அந்த நல்ல செய்தியைத் தன் சைக்கிள் போகிற ஊருக்கெல்லாம் கொண்டுபோனார். அங்கங்கே இருந்து அது பஸ் ஏறியும் போனது.

அடுத்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். என் கணவர் வரவில்லை என்று சொன்னால் நம்பினவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று முடிவு கட்டினார்கள். மகளிடம் கேட்டால் அவள், "அப்பா வந்துட்டாரு, சர்ச்சுல சொன்னாக" என்று சொல்லிவிடுவாள். அருப்புக்கோட்டையிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து, பேச்சுவாக்கில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே மல்லி மூட்டை இருந்தது.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்மா," என்றார். "ஒரு சென்ட்டு, இல்லாட்டி ஒரு கோடாலித் தைலம்."

"அவுகளே வரல. தைலம் எப்படி வரும்?"

"இப்படித்தான் சொல்லுவீகன்னு வீட்லயே சொன்னாக," என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார். அந்த உறவு அதோடு விட்டுப்போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

தலையாரி வந்து சொன்னதுதான் பெரிய இடி. குவைத்தில் மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களை ஊர் ஊராக எழுதி வாங்கி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். "ஒங்க வீட்டுக்காரர் பேரை அடிச்சாச்சும்மா. அதான் வந்துட்டாருல்ல," என்றார் தலையாரி, ஒரு வேலை முடிந்த திருப்தியில்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர் நல்ல மனிதர். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அது நான் செய்த தவறு.

"வந்துட்டாருன்னா ஆளைக் காட்டலாம்," என்றார் குமாஸ்தா. "வரலைங்கிறதுக்கு எதைம்மா காட்டுவீங்க?"

"வந்துட்டாருன்னு ஒங்களுக்கு எதைக் காட்டுனாக?"

"சர்ச்சுல வாசிச்சாங்களாம்ல?"

"சர்ச்சுல வாசிச்சா கெவர்மெண்டு ஒத்துக்கிருமா?"

அவர் யோசித்தார். கெவர்மெண்டு அப்படி எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிற வழக்கம் இல்லை என்பது அவருக்கே பட்டிருக்க வேண்டும். மாமியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒங்க மகன் வந்துட்டாரா, வரலையா?"

"வந்துட்டான்," என்றார் மாமியார்.

நான் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை அவருக்கு அவிசுவாசம். மகன் பெயர் பட்டியலில் இல்லாமல் பாலைவனத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்ல மாட்டார்.

"சரிம்மா. இப்ப எங்க இருக்காரு?"

"கர்த்தர் கையில."

குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். தலைகீழாக இருந்தாலும் நான் வாசித்துவிட்டேன். 'இருப்பிடம் தெரியவில்லை.' பெயர் மறுபடியும் பட்டியலில் ஏறிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார், "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்றார்.

அதற்கு நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். தலையில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண், கையில் தூக்குவாளியோடு படலைத் திறந்து உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"நா நரிக்குடிப் பக்கம்," என்றாள். "எங்க புள்ளைக அத்தாவும் ஒங்க வீட்டுக்காரவுகளும் ஒரே ரூமு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் தூங்குறாகளா?" என்று கேட்டாள்.

நான் முறத்தோடு எழுந்தேன்.

"எழுப்ப வேணாம். அம்புட்டுத் தூரம் வந்திருக்காக, தூங்கட்டும். நா இருக்கேன்." ஆட்டுரலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். "வட்டிலப்பம் கொண்டாந்தேன். அண்ணனுக்குப் புடிக்கும்னு இவுக காயிதத்துல எழுதிருக்காக."

ஆட்டுக் கொட்டிலில் இருந்து மாமியார் வந்தார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அம்மா, ஒங்க மகன் வந்துட்டாகன்னு எங்கூரு பஸ்ஸுல பேசிக்கிட்டாக. கேட்டதும் கெளம்பிட்டேன். எங்க அவுகளப் பத்தி ஏதும் சொன்னாகளா? நல்லாருக்காகளாமா?"

மாமியார் வழக்கமான பதிலைச் சொல்லப்போகிறார் என்று நான் முறத்தைக் கீழே வைத்தேன். சொன்னால் அந்தப் பெண் முன்னாலேயே சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் அவளுடைய தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயி," என்றார். "என் மகன் வரல."

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது தாயி. உசுரோட இருக்கானான்னும் தெரியாது. நாந்தான் வந்துட்டான்னு சொன்னேன்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கெவர்மெண்டிடம் சொல்லாததை, உபதேசியாரிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லாததை, ஒரு தூக்குவாளியைப் பார்த்து அவர் சொன்னார். அந்த இரண்டு மாதத்தில் அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

புழுதி விதைப்பில் ஒரு ஆபத்து உண்டு. மழையே வராவிட்டால்கூட விதை மண்ணுக்குள் கிடக்கும், காத்திருக்கும். ஒரு தூறல் மட்டும் போட்டுவிட்டு மழை நின்றுபோனால்தான் வினை. அந்த ஈரத்தை நம்பி முளைவிட்டு, பிறகு காய்ந்துபோகும். மாமியார் தன் காட்டில் விதைத்தார். தூறல் இவள் காட்டில் விழுந்திருந்தது.

அவள் ஒன்றும் கத்தவில்லை. சீட்டு, சேவல், தபால்காரர் எல்லாவற்றையும் நான் சொல்லக் கேட்டாள். முடிவில், "நாங்க நாளைக்கிக் கடைக்குப் போறதுன்னாக்கூட 'அல்லா நாடுனா'ன்னு சேத்துத்தான் சொல்லுவோம்மா," என்றாள் மாமியாரிடம். "நீங்க அவன் நாடுறதுக்கு முந்தியே நன்றி சொல்லிட்டீக." குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. இப்படியும் ஒரு வழி உண்டா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டுப் போட்டோவைப் பார்க்கக் கேட்டாள். கண்ணாடிச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவளே பின் அட்டையைக் கழற்றினாள். உள்ளே மடிந்து கிடந்த தன் கணவரை விரித்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "எங்க வீட்ல நாங்க ஒங்க வீட்டுக்காரவுகள மடிச்சு வச்சிருக்கோம்," என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வட்டிலப்பம் கெட்டுப்போய்விடும் என்று அவளே பங்கு வைத்தாள். சாப்பிட்டோம். அவள் போன பிறகு போட்டோவைச் சட்டத்துக்குள் போடவில்லை. ஆணி அடித்து அப்படியே முழுசாகச் சுவரில் மாட்டினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு என் கணவர் பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். தாடி. யாருடையதோ சட்டை. தோளில் விமானத்தில் கொடுத்த கம்பளி. வாசலில் நின்று, "சோறு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு மாமியார், "நாஞ் சொல்லல?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "ஒங்கூட இருந்தவன் எங்கடா?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை. இருவரும் ஒன்றாகத்தான் லாரியில் ஜோர்டான் எல்லைவரை வந்திருக்கிறார்கள். கூடாரத்தில் நண்பருக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் விமானத்துக்குக் கூப்பிட்ட பட்டியலில் இவர் பெயர் இருந்தது. "அடுத்த பிளைட்டுல வந்துருவான்னு ஏறிட்டேன்," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் அதிகம் பேசியதில்லை. மறுநாளே நானும் அவரும் நரிக்குடிப் பக்கம் போய் அதை அவளிடம் சொன்னோம். எங்களுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கணவருக்கான ஸ்தோத்திரத்தைக் கேட்ட உபதேசியாரிடம் மாமியார், "அதான் அப்பவே சொல்லியாச்சே, ஒரு காரியத்துக்கு ரெண்டு சேவலா?" என்றார். நான் ஒரு பெட்டைக்கோழியைப் பிடித்தேன். சீட்டு எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். 'நரிக்குடிப் பக்கத்துச் சகோதரியின் கணவர் சுகமாய் வந்து சேர்ந்ததற்காக.'

ஏன் எழுதினேன்? மாமியாரைப்போல எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொன்னால் பொய். என் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவள் ஆள் இல்லை. அதைத் தாங்க முடியாமல்தான் எழுதினேன். மனுவும் போட்டு, நினைவூட்டலும் போட்டு, அதட்டியும் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

சீட்டைப் பார்த்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாசிக்க விட்றாத. அந்தப் பிள்ளை காதுக்குப் போச்சுன்னா தாங்க மாட்டா."

உபதேசியாரிடம் கோழியையும் சீட்டையும் கொடுத்து, "வாசிக்க வேணாம் ஐயா, வச்சுக்கங்க," என்றேன்.

"வாசிக்காட்டி பெறகு எதுக்கும்மா?"

"கர்த்தருக்கு எழுதப் படிக்கத் தெரியும்ல?"

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோழியை அவர் வீட்டிலேயே சாப்பிட்டார்கள்.

அவள் கணவர் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. என் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ ஆபீசுக்குப் போனார். எல்லா இடத்திலிருந்தும் வந்த காகிதத்தில், வேறு வேறு வார்த்தைகளில், அந்தக் குமாஸ்தா எழுதியதுதான் இருந்தது. நாங்கள் நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போவோம். அவள் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். தொண்ணூற்று நாலில் மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி வாரத்தில், காரை விழுந்த சுவரைப் பார்த்து, "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் பூசினேன்.

உபதேசியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது அந்தச் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "தூக்கிப் போட மனசு வரலம்மா," என்றார். அந்தச் சுவர் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

தொண்ணூற்றாறு கிறிஸ்மஸுக்கு அவள் முதல் நாளே வந்திருந்தாள். சுவருக்கு வெள்ளையடிக்கப் போட்டோவைக் கழற்றினேன். சீட்டு கீழே விழுந்தது. அவள்தான் எடுத்தாள். எடுத்தவள் வாசித்துவிட்டாள். ஆறு வருஷமாக அவளிடமிருந்து மறைத்தது.

இரண்டு தடவை வாசித்தாள். "இது எப்ப எழுதுனீக?"

"எங்க அவுக வந்த வாரம்."

"சேவலா?"

"பெட்டைக்கோழி."

"வாசிச்சாகளா?"

"இல்லக்கா. வேணாம்னுட்டேன்."

பேனா கேட்டாள். மகளின் பள்ளிப் பேனாவைக் கொடுத்தேன். என்னுடைய வரிக்கு மேலே, இருந்த சின்ன இடத்தில், நுணுக்கி நுணுக்கி 'அல்லா நாடினால்' என்று எழுதினாள். ஊதிக் காயவைத்து என்னிடம் நீட்டினாள்.

"இப்பக் கொடுங்க. இப்ப வாசிக்கச் சொல்லுங்க."

"சத்தமாவாக்கா?"

"சத்தமாத்தான்."

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அவள் துப்பட்டியோடு வந்து பெண்கள் பக்கம் என் பாயில் உட்கார்ந்தாள். கோழியை அவளே பிடித்து வந்திருந்தாள். புது உபதேசியார் சீட்டை விரித்தார். முதல் வார்த்தையில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் வாசித்தார், ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார்.

சபையில் இருந்த அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன்.